பெருவின் அமேசான் குழந்தைகள்: இரத்தசோகை குறைந்ததா, எல்லைக்கோடு நகர்ந்ததா?

பதிவு 1 | தாமரைச்செல்வி

வணக்கம். ஒரு மாத இதழுக்காகப் பெரு நாட்டுக் குழந்தைகளின் உடல்நலம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பத்தியிலேயே தடுமாறி நிற்பதால் இங்கே கேட்கிறேன். அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதம் முதல் 35 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 2023ஆம் ஆண்டில் 43 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. 2024ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட அளவு ஏறத்தாழ 35 சதவீதம். பத்தாண்டுகளாக 40ஐ ஒட்டியே நின்ற ஓர் எண் ஒரே ஆண்டில் எட்டுப் புள்ளி இறங்கியிருக்கிறது என்றால், அதைச் சாதனை என்று எழுதலாமா? லொரெத்தோ, உக்காயாலி போன்ற அமேசான் மாநிலங்களிலிருந்து வரும் செய்திகள் அந்த மகிழ்ச்சியோடு சிறிதும் பொருந்தவில்லை.

இன்னொரு புதிரும் இருக்கிறது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதத்தை 2007இல் 28.5 சதவீதத்திலிருந்து 2023இல் 11.5 சதவீதமாகக் குறைத்த நாடு அது. உலகமே பாராட்டிய முன்னேற்றம். அப்படிப்பட்ட நாட்டால் இரத்தசோகையை மட்டும் ஏன் அசைக்க முடியவில்லை? 2021க்குள் 19 சதவீதமாகக் குறைப்போம் என்று 2017இல் அரசே தேசியத் திட்டம் வகுத்தது. அந்த இலக்கை அவர்கள் நெருங்கக்கூட இல்லை.

பதிவு 2 | இளம்பரிதி (குழந்தைகள்நல மருத்துவர்)

அந்தத் தலைப்பை எழுதிவிடாதீர்கள், அம்மா. 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் எல்லையைத் திருத்தியது. 1968 முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பதே எல்லையாக இருந்து வந்தது. புதிய வழிகாட்டுதலில் 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு அது 10.5 கிராமாக இறக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வயதினருக்குப் பழைய 11 கிராமே தொடர்கிறது. பெருவின் சுகாதார அமைச்சு அதே ஆண்டில் இதைத் தன் விதிமுறையாக ஏற்றுக்கொண்டது. பழைய அளவுகோலால் அளந்தால் 2024இலும் விகிதம் 43 சதவீதத்துக்கு மேல்தான் வருகிறது. ஆகவே நோயுள்ள குழந்தைகள் குறையவில்லை. கோடுதான் கீழே இறங்கியது.

இதை மோசடி என்றும் எழுதிவிட வேண்டாம். நோயற்ற குழந்தைகளின் இரத்த அளவுகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டிப் பார்த்த பிறகு செய்யப்பட்ட திருத்தம் இது. உயரமான ஊர்களில் ஆக்சிஜன் குறைவு என்பதால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடும்; அந்தக் கூடுதலைக் கடல்மட்டத்திலிருந்து உயரத்துக்கேற்பக் கழித்துக் கணக்கிடும் முறையும் அப்போதே மாறியது. ஆண்டிஸ் மலைநாட்டில் 3,800 மீட்டர் உயரத்திலுள்ள புனோவில் குழந்தைகளுக்கு உண்மையிலேயே அவ்வளவு இரத்தசோகை இருக்கிறதா, அல்லது கழித்தல் கணக்கு மிகையானதா என்று பெருவின் ஆய்வாளர்களே நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். ஆனால் அமேசானில், லொரெத்தோவின் தலைநகரான இக்கித்தோஸ் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் அளவில்தான் இருக்கிறது. அங்கே கழிப்பதற்கு எதுவும் இல்லை. மலைநாட்டு எண்ணைப் பற்றி எவ்வளவு ஐயம் எழுந்தாலும், காட்டுநாட்டு எண்ணை உயரத்தின் மேல் பழிபோட்டு ஒதுக்க முடியாது.

பதிவு 3 | வேங்கடநாதன்

நான் மருத்துவன் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். இருந்தாலும் இதில் இவ்வளவு சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அந்த மக்கள் காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் தின்கிறார்கள். மரவள்ளியைப் புளிக்க வைத்த மசாத்தோ என்னும் பானத்தைக் குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். இவற்றில் இரும்பும் மிகக் குறைவு, புரதமும் மிகக் குறைவு. தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிக் கற்றுக்கொடுத்து, இரும்புச்சத்து மருந்தையும் வீட்டுக்கு வீடு கொடுத்தால் தீரக்கூடிய சிக்கல்தானே இது? அரசு அதைக்கூடச் செய்யவில்லையா?

பதிவு 4 | ஆற்றங்கரையான்

வேங்கடநாதன் ஐயா, அரசு அதைத்தான் செய்தது, ஏறத்தாழ அதை மட்டுமே செய்தது. லொரெத்தோவில் ஆய்வுக்கூடப் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உணவு. அவாஹுன், வாம்பிஸ், ஷிபிபோ, கூகாமா என்று பெருவின் அமேசானில் 51 பழங்குடி மக்களினங்கள் உள்ளன. எல்லோருடைய உணவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் மரவள்ளியும் வாழைக்காயும் அவர்களுக்கு நமது சோறு போன்றவை, வயிற்றை நிரப்புபவை. சத்து வந்தது தொட்டுக்கொள்வதிலிருந்து. ஆற்று மீன், காட்டுப்பன்றி, மஹாஸ் எனப்படும் பெரிய கொறிவிலங்கு, விழுந்த பனையின் தண்டிலிருந்து எடுக்கும் சூரி என்னும் கொழுத்த வண்டுப்புழு, கண்ணுக்கு நல்லதான அகுவாஹே பனம்பழம், இரும்பை உடல் ஏற்பதற்குத் துணைநிற்கும் வைட்டமின் சி நெல்லிக்கனியைவிடவும் மிகுந்திருக்கும் காமு காமு பழம் என்று அந்தத் தட்டு ஒரு காலத்தில் நிறைவாகவே இருந்தது. ஆகவே அறியாமை என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். எந்தப் பனையை எப்போது வெட்டிப்போட்டால் எப்போது புழு திரளும் என்று அறிந்த ஒரு தாய்க்குச் சத்துணவு வகுப்பு எடுக்கப் போகிற நாம் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

மாறியது அவர்களின் அறிவு அல்ல, குடியிருப்பு. முன்பு சிறு குழுக்களாகச் சிதறி, வேட்டை குறைந்தால் இடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள், பள்ளிக்கூடமும் மருந்தகமும் வந்த பிறகு ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் நிலைகொண்டார்கள். சில நூறு பேர் ஒரே இடத்தில் பல ஆண்டுகள் இருந்தால் நடந்துபோகும் தூரத்தில் விலங்கு மிஞ்சாது. கிடைக்கும் இறைச்சியும் நல்ல மீனும் நகரத்து வியாபாரியிடம் போகின்றன. அந்தப் பணத்தில் படகுக்குப் பெட்ரோல், சோப்பு, பிள்ளைகளின் நோட்டுப்புத்தகம், மீதியில் அரிசியும் சேமியாவும் வாங்கப்படுகின்றன. ஆறு பெருகும் மாதங்களில் மீன்கள் வெள்ளம் புகுந்த காட்டுக்குள் பரவிவிடுவதால் வலையில் எதுவும் அகப்படாது. தாழ்வான கரையில் நட்ட மரவள்ளியும் அழுகும். அந்த மாதங்களில் வெறும் வாழைக்காய்க் கஞ்சியில் காலம் தள்ளும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மருந்து. சிஸ்பித்தாஸ் என்று பெருவில் அழைக்கப்படும் நுண்சத்துத் தூள் பொட்டலம் 2014இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு பொட்டலத்தில் 12.5 மில்லிகிராம் இரும்பும், துத்தநாகமும், வைட்டமின் ஏயும் சியும், ஃபோலிக் அமிலமும் இருக்கும். அதைக் கெட்டியான மசியலில் இரண்டு கரண்டி எடுத்துக் கலந்து, ஆறுவதற்குள் ஊட்ட வேண்டும். காகிதத்தில் எளிதுதான். ஆனால் அங்கே ஆறு மாதக் குழந்தைக்குக் கொடுப்பது பெரும்பாலும் நீர்த்த உணவு: மீன் வேகவைத்த சாறு, சாப்போ என்னும் வாழைப்பழக் கரைசல், நீர் கலந்த மசாத்தோ. சூடான நீர்மத்தில் அந்தத் தூளைப் போட்டால் நிறமும் சுவையும் மாறிவிடும், குழந்தை துப்பிவிடும். இரும்புச் சொட்டுமருந்து கொடுத்தால் மலம் கறுக்கும், வயிறு இறுகும். "குழந்தைக்கு நன்றாகத்தான் இருந்தது; இதைக் கொடுத்த பிறகுதான் நோய் வந்தது" என்று தாய் நினைப்பதில் என்ன தவறு? சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டில் பொட்டலங்கள் கொடுக்கப்பட்ட எண்ணிக்கை சரியாக இருக்கும்; அவற்றில் எத்தனை குழந்தையின் வயிற்றுக்குப் போயின என்ற பத்தி அந்தப் பதிவேட்டில் இருக்காது.

பதிவு 5 | இளம்பரிதி

ஆற்றங்கரையான் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மருந்து வயிற்றுக்குள் போன பிறகும் கதை முடிவதில்லை. உடலில் கிருமித் தொற்று இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் நுழையும் வாயிலை அடைத்துவிடுகிறது; சேமிப்பிலுள்ள இரும்பையும் வெளியே விடுவதில்லை. கிருமிகளுக்கும் இரும்பு தேவை என்பதால் அதை அவற்றுக்கு எட்டாமல் ஒளித்துவைக்கும் பழைய தற்காப்பு உத்தி இது. மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும் குழந்தைக்கு அந்த வாயில் பாதிநாள் அடைத்தே கிடக்கும்.

தாமரைச்செல்வி கேட்ட இரண்டாவது புதிருக்கும் விடையின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. நாடு முழுவதுமாகப் பார்த்தால் வளர்ச்சிக் குன்றல் 11.5 சதவீதம் என்பது உண்மை. ஆனால் கிராமப்புறத்தில் அது இன்னும் ஐந்தில் ஒரு குழந்தை என்ற அளவில்தான் இருக்கிறது. முன்னேற்றம் மலைநாட்டிலும் நகரங்களிலும் வேகமாக நடந்தது, காட்டுநாடு பின்தங்கிவிட்டது.

நம் ஊரோடு இதற்கு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 2009இன் இறுதியில் எட்டு நாடுகளில் தொடங்கப்பட்ட மால்-எட் என்னும் ஆய்வில் ஒரு களம் இக்கித்தோஸுக்கு அருகிலுள்ள சிற்றூர்கள். இன்னொரு களம் நம் வேலூர். பிறந்தது முதல் இரண்டு வயது வரை குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, நோயுள்ள நாள்களில் மட்டுமல்லாமல் நன்றாக இருக்கும் நாள்களிலும் மலத்தைச் சோதித்தார்கள். வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தைகளின் குடலிலும் ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர், ஜியார்டியா போன்ற கிருமிகள் குடியிருந்தன என்பதும், உயரம் குறைவதோடு மிகத் தெளிவான தொடர்பு அறிகுறி காட்டாத இந்தத் தொற்றுகளுக்கே இருந்தது என்பதும் அதில் வெளிப்பட்டன. வேலூரிலும் லொரெத்தோவிலும் சமையல் வேறு, மொழி வேறு; குடலில் நடப்பது ஒன்றாக இருந்தது.

ஈக்குவடோர் அமேசானில் ஷுவார் பழங்குடிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. அந்தக் குழந்தைகள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த ஆற்றல் தொழில்மய நாட்டுக் குழந்தைகளினுடையதை ஒத்ததுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே அவர்களின் உடல் சுமார் 20 சதவீதம் கூடுதலாகச் செலவழிக்கிறது. நோய் எதிர்ப்புப் பணி அதில் பெரும் பங்கு கொள்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோய் எதிர்ப்பு முடுக்கிவிடப்பட்ட குழந்தைகளின் வளர்ச்சி 49 சதவீதம் வரை குறைவதையும், உடலில் சிறிது கொழுப்பு சேர்ந்திருந்த குழந்தைகள் அந்த இழப்பிலிருந்து ஓரளவு தப்புவதையும் அவர்கள் கண்டார்கள். ஆக உணவா தொற்றா என்ற கேள்வியே தவறு. உணவு போதாதபோதுதான் தொற்றின் விலை கூடுகிறது.

பதிவு 6 | வேங்கடநாதன்

அறியாமை என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது ஆசிரியர்களுக்கே உரிய பழக்கம். ஆனால் இப்போது வேறொரு சந்தேகம் வருகிறது. தொற்று இருக்கும்போது இரும்பு உள்ளே போகாது என்றால், கொடுப்பதே வீண் அல்லவா? சில இடங்களில் இரும்பு தீங்கும் செய்யும் என்று எங்கோ படித்த நினைவு இருக்கிறது.

பதிவு 7 | இளம்பரிதி

வீண் அல்ல. நீங்கள் படித்தது சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வாக இருக்கும். உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை மலேரியா மிகுந்த அந்தத் தீவில், யாருக்குக் குறைபாடு என்று பார்க்காமல் எல்லாக் குழந்தைகளுக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தபோது மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடின. அதன் பிறகுதான் மலேரியா உள்ள இடங்களில் நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே இரும்பு கொடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வந்தது. லொரெத்தோவில் மலேரியா உண்டு, ஆனால் பெரும்பகுதி வைவாக்ஸ் வகை. அது கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் மீண்டும் தலைதூக்கி, ஒவ்வொரு முறையும் சிவப்பணுக்களை அழித்துவிட்டுப் போகும். அந்தக் குழந்தைக்கு இரும்பும் வேண்டும். மலேரியாவுக்கு முழு மருத்துவமும் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதைதான்.

பதிவு 8 | நிலவழகி (மானிடவியல் மாணவி)

இதுவரை எல்லோரும் வயிற்றையும் கிருமியையும் பற்றியே பேசியிருக்கிறீர்கள். ஆற்றைப் பற்றியும் பேச வேண்டும்.

2014 ஜூனில் வட பெரு எண்ணெய்க்குழாய் உடைந்து, மாரன்யோன் ஆற்றை ஒட்டிய குனினிக்கோ என்னும் கூகாமா சிற்றூரின் நீரில் கச்சா எண்ணெய் கலந்தது. மீனும் குடிநீரும் அந்த ஆற்றிலிருந்துதான் வந்தன. 2016இல் சிரியாக்கோவில் உடைந்தபோது அவாஹுன் சிறுவர்கள் வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். மீனைத் தின்னாதே என்று சொல்வது எளிது; தட்டில் மீனுக்குப் பதிலாக எதை வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. தென்கிழக்கே மாத்ரே தெ தியோஸில் தங்கம் பிரிக்கப் பாதரசம் பயன்படுகிறது. அங்கே குழந்தைகளின் முடியில் பாதரசம் கூடக்கூட ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததை 2017இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

எனினும் எல்லாப் பழியையும் நிறுவனங்களின் மேல் போடுவதிலும் ஒரு சோம்பல் இருக்கிறது என்பதை என் துறையினருக்கே நான் சொல்வதுண்டு. அச்சுவார், கிச்சுவா மக்கள் வாழும் கொரியெந்தெஸ் ஆற்றுப்படுகையில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது. எண்ணெய்க் கிணறுகளே காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, கிணறுகளுக்குத் தொலைவிலுள்ள ஊர்களிலும் ஈயம் இருந்தது. தூண்டிலுக்கும் வலைக்கும் கட்டும் எடைக்குண்டுகளை வீட்டிலேயே ஈயத்திலிருந்து செய்கிறார்கள். குழந்தைகள் அந்த ஈயத்துண்டுகளை வாயில் போட்டு மெல்லுகிறார்கள். ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும் நஞ்சு. ஆனால் அதற்காக எண்ணெய் நிறுவனங்கள் அந்த ஆற்றில் பல பத்தாண்டுகள் கொட்டிய கழிவுநீர் இல்லாமல் போய்விடாது.

பிரேசிலையும் உங்கள் கட்டுரையில் ஓரிரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 2008–2009இல் நடந்த முதல் தேசியப் பழங்குடி நலக் கணக்கெடுப்பில் 113 ஊர்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பட்டார்கள். நாடு முழுவதும் பழங்குடிக் குழந்தைகளில் பாதிப்பேருக்கு இரத்தசோகை. அமேசான் அடங்கிய வடக்குப் பகுதியில் மூன்றில் இருவருக்கு. அதன் பிறகும் 2023 ஜனவரி 20 அன்று யனோமாமி பழங்குடி மக்களின் நிலத்தில் அரசு நலவாழ்வு நெருக்கடியை அறிவிக்க வேண்டியிருந்தது. தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 570 குழந்தைகள் நான்கு ஆண்டுகளில் இறந்திருந்தார்கள். அங்கே நுழைந்த தங்கம் தோண்டுபவர்கள் சுமார் 20,000 பேர். அவர்கள் தோண்டிய குழிகளில் தேங்கிய நீரில் கொசு பெருகியது, கொசுவால் மலேரியா, காய்ச்சலில் பெரியவர்கள் படுத்துவிட்டால் தோட்டத்தில் மரவள்ளி நட ஆளில்லை, நடவு தவறினால் அடுத்த ஆண்டு பசி. ஒரு குழந்தையின் எலும்பு தெரியும் படத்துக்குப் பின்னால் இப்படியொரு வரிசை இருந்தது.

பதிவு 9 | ஆற்றங்கரையான்

ஈயக்குண்டு பற்றிச் சொன்னது முற்றிலும் சரி.

இரத்தம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரலில் குத்தி ஒரு துளி எடுத்துச் சிறு கருவியில் வைத்து ஹீமோகுளோபின் பார்ப்பதுதான் களத்தில் நடப்பது. விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறையும். கருவி வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் இன்னும் மாறும். அரை கிராம் வேறுபாடு எளிதில் வந்துவிடும். இளம்பரிதி சொன்ன 11க்கும் 10.5க்கும் இடைப்பட்ட தூரமும் அதே அரை கிராம்தான் என்பதைக் கவனியுங்கள்.

குழந்தையின் இரத்தத்தை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று தாய்மார்கள் கேட்பதை மூடநம்பிக்கை என்று சிரித்தவர்களோடு நான் பணியாற்றியிருக்கிறேன். வெளியார் வந்து உடலின் கொழுப்பையும் முகத்தையும் திருடிப்போவதாகப் பழைய கதைகள் அங்கே உண்டு என்பது மெய்தான்.

பதிவு 10 | நிலவழகி

அந்த அச்சத்துக்கு வெறும் கதை மட்டும் அடிப்படை அல்ல. 1960களில் அமெரிக்க ஆய்வாளர்கள் யனோமாமி மக்களிடம் எடுத்துச்சென்ற இரத்தம் பல்கலைக்கழகக் குளிர்பெட்டிகளில் பல பத்தாண்டுகள் கிடந்தது. இறந்தவரின் உடலில் எதுவும் மிஞ்சக்கூடாது என்று நம்பும் மக்கள் அவர்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2015இல்தான் அதைத் திரும்பப் பெற்று மண்ணில் புதைத்தார்கள்.

பதிவு 11 | தாமரைச்செல்வி

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையின் முதல் பத்தியை அழித்துவிட்டேன். இரண்டு அளவுகோல்களின்படியான எண்களையும் அருகருகே கொடுத்து, கோடு நகர்ந்த கதையைச் சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போகலாம் என்று எண்ணுகிறேன். ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. நாளை காலை ஒரு சுகாதார நிலையத்தின் பொறுப்பு உங்களிடம் வந்தால், ஆறும் நிலமும் மாறும்வரை காத்திராமல் எதை முதலில் செய்வீர்கள்?

பதிவு 12 | இளம்பரிதி

பிறந்த நொடியிலிருந்து தொடங்குவேன். தொப்புள்கொடியை உடனே கட்டாமல் ஓரிரு நிமிடம், துடிப்பு அடங்கும்வரை பொறுத்தால், நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். அதிலுள்ள இரும்பு முதல் சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். இதற்குச் செலவே இல்லை. பெருவின் விதிமுறைப்படி நான்காம் மாதத்திலிருந்து, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் என்று தடுப்புச் சொட்டுமருந்து கொடுப்பார்கள். இரத்தசோகை வந்துவிட்டால் 3 மில்லிகிராமாக ஆறு மாதம். அதையும் கொடுப்பேன், ஆனால் மலம் கறுக்கும் என்பதைத் தாயின் மொழியில் முன்கூட்டியே சொல்லத் தெரிந்த ஒருவரை அந்த ஊரிலிருந்தே பணியில் வைத்துக்கொண்ட பிறகு. கொக்கிப்புழு குடலில் கடித்து நாள்தோறும் இரத்தம் உறிஞ்சும் என்பதால், குழந்தைகளோடு கருவுறும் வயதுப் பெண்களுக்கும் புழுநீக்க மாத்திரை. இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆசை, கொதிக்க வைக்காமலே குடிக்கத்தக்க நீர் தரும் ஒரு குழாய். அது சுகாதார நிலையத்தின் கையில் இல்லை.

பதிவு 13 | ஆற்றங்கரையான்

நான் படகுக்குப் பெட்ரோல் கேட்பேன். கடற்படையின் மிதக்கும் சேவைப் படகுகள் மருத்துவரையும் வங்கியையும் ஏற்றிக்கொண்டு நாப்போ, புத்துமாயோ போன்ற ஆறுகளில் வருவதுண்டு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறு மாத மருத்துவம் என்பது படகு வரும் நாளில் தொடங்கி, படகு போன பிறகும் நடக்க வேண்டியது.

பதிவு 14 | வேங்கடநாதன்

பெரு அரசு கோழி இரத்தத்தை வேகவைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டச் சொல்லிப் பரப்புரை செய்வதாக நேற்று படித்தேன். சங்க்ரெசித்தா என்கிறார்கள். ஆட்டு இரத்தப் பொரியலைச் சிறுவயதில் விரும்பித் தின்ற எனக்கு அது நல்ல யோசனையாகவே தோன்றியது. ஆற்றங்கரைச் சிற்றூரில் அவ்வளவு கோழி ஏது?

பதிவு 15 | ஆற்றங்கரையான்

இல்லை, ஐயா. கோழிகள் உண்டு, எண்ணும் அளவுக்கு. அவசரச் செலவுக்கு விற்க வைத்திருப்பார்கள்; விருந்தினர் வந்தால் ஒன்றை அறுப்பார்கள். இறைச்சிக்கடைகள் நிறைந்த லிமா நகரத்துக்கு நன்றாகப் பொருந்தும் அறிவுரை அது.

தாமரைச்செல்வி, அச்சுக்குப் போகுமுன் ஒரு சிறு திருத்தம். நீங்கள் எனக்கு அனுப்பிய வரைவில் மசாத்தோவைக் "கள்" என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். பல நாள் புளித்தால் வெறி ஏறும் என்பது உண்மை. ஆனால் குழந்தைகள் குடிப்பது அன்றன்று பிசைந்து நீர் கலந்த, புளிப்பேறாத கரைசல். கள் என்று எழுதினால் நம் வாசகர்கள் அந்தத் தாய்மார்களைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடுவார்கள். "மரவள்ளிக் கரைசல்" என்றே போடுங்கள்.

பதிவு 16 | தாமரைச்செல்வி

மாற்றிவிட்டேன். திருத்திய வரைவை இன்றிரவு உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.